மேவிஸ் தீபோ டாக்டரான கதை

மேவிஸ் தீபோ ஆறடிக்கும் கொஞ்சம் மேலே உயரம். அத்தனை உயரத்தில் சிரிப்புக்கு மட்டும் இடம் ஒதுக்காமல் விட்டுவிட்டான் கடவுள். ஹார்ல்பரி கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் காலை வேளை முட்டை போடுகிறவள் அவள்தான். பத்தொன்பது வயதில் அந்த அடுப்புக்கு முன்னால் வந்து நின்றவள், தலை முழுக்க நரைத்த பிறகும் அங்கேயேதான் நின்றாள். நடுவில் கல்லூரிக்குத் தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருத்தர் பேரில் கட்டிடம் இருக்கிறது, ஒருத்தர் பேரில் மரம் இருக்கிறது, ஒருத்தர் பேரை இப்போது யாரும் எடுப்பதில்லை. மேவிஸ் எல்லோருக்கும் முட்டை போட்டிருக்கிறாள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். வரிசையில் எவனும் முந்தக் கூடாது. முந்தினால் பேச மாட்டாள், கத்த மாட்டாள், கரண்டியை நீட்டி வாசல் பக்கம் காட்டுவாள். கடைசியில் போய் நில் என்று அர்த்தம். ஒரு தடவை டீன் ஒருத்தர், "எனக்கு மீட்டிங் இருக்கும்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்று தட்டை நீட்டினார்.

"எனக்கும் மீட்டிங்தான். இந்த முட்டைங்களோட. கடைசிக்குப் போங்க" என்றாள்.

போனார். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தப் பையன்களே பின்னால் வக்கீலாகி, வயிறு வைத்து, ஜூன் மாதம் பழைய மாணவர் கூட்டத்துக்குப் பெண்டாட்டியோடு வரும்போது, முதல் வேலையாக மேவிஸ் வரிசையில் போய் நின்று திட்டு வாங்குவார்கள். அவர்களுக்கு அது கோயிலுக்குப் போய் வந்த மாதிரி. மேவிஸுக்கு அது கூடுதல் முட்டை, அவ்வளவுதான்.

ஹார்ல்பரியில் மேலே, கீழே என்று இரண்டுதான். குன்றுக்கு மேலே கல்லூரி. கீழே ஆற்றோரம் பழைய சாக்ஸ் ஆலையும் அதை ஒட்டின தெருக்களும். மேவிஸின் அம்மா ஆலையில் சாக்ஸுக்குக் குதிகால் தைத்தாள். ஆலை மூடினதும் கீழ்த்தெருக்காரர்கள் எல்லாரும் மேலே போய்ப் பெருக்கினார்கள், துடைத்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். சம்பளத்துக்காக மட்டும் போனார்கள் என்று நினைத்தால் தப்பு. அந்தச் சம்பளத்தில் வெர்மான்ட் குளிருக்கு விறகுகூட வாங்க முடியாது. கல்லூரியில் வேலை பார்க்கிறவர் பிள்ளை, இடம் கிடைத்துவிட்டால், அங்கே இலவசமாகப் படிக்கலாம். அதுதான் விஷயம். அதற்காக எத்தனையோ அம்மாக்கள் முதுகு வளையப் பாத்திரம் தேய்த்திருக்கிறார்கள்.

மேவிஸுக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமும் இல்லை. ஒருத்தன் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் கனெக்டிகட் போய்விட்டான். ஆனால் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திப் பொறுப்பேற்ற ஒரு ஞானப்பெண் இருந்தாள், ஷெல்பி. பாத்திரம் தேய்க்கும் கோரின் பூஷேயின் மகள். கோரின் மேவிஸின் தோள் வரைக்கும்தான் வருவாள், தொண்டை மட்டும் ஆலைச் சங்கு. இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே சமையலறையில் வெந்தவர்கள். ஞாயிறுதோறும் ஒரு நீலக் கண்ணாடிப் பாத்திரம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கும். மேவிஸ் அதில் பீன்ஸும் பன்றிக் கறியும் வேகவைத்து அனுப்புவாள். கோரின் அதைக் கழுவி, அதில் வேறு எதையாவது போட்டுத் திருப்பி அனுப்புவாள். வாங்கின பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவது கீழ்த்தெருவில் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

ஷெல்பிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது கிறிஸ்துமஸுக்கு முன்னால். கோரின் சமையலறையில் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் திட்டினாள். ஜனவரியில் வந்தது அடி. சாப்பாட்டுக் கூடத்தை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது கல்லூரி. அதே அடுப்பு, அதே தட்டு, அதே ஆட்கள். ஆனால் இனிமேல் நீங்கள் கல்லூரி ஆட்கள் இல்லை, கம்பெனி ஆட்கள். கம்பெனி ஆட்களின் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு இல்லை. அந்த வருஷம் இடம் கிடைத்திருந்த சமையலறைப் பிள்ளைகள் நாலு பேர். நாலு பேரும் நடுத்தெருவில்.

இதை அறிவிக்கக் கல்லூரி கூட்டின கூட்டத்தில் கோரின் எழுந்து தலைவரைப் பார்த்து ஆலைச் சங்கை ஊதினாள். கம்பெனி அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மேவிஸ் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள், ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அதைவிட வேறு மாதிரி தெரிந்தது ஒன்று. எல்லாரையும் கம்பெனிக்குத் தள்ளிவிட்ட கல்லூரி, மேவிஸை மட்டும் கோடை வரைக்கும் தன் ஆளாகவே வைத்துக்கொண்டது. ஏன் என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிற மாதம் ஒரு காலையில் அது தெரிந்தது.

தலைவர் வின்த்ரப் கேஜ், குட்டை மனுஷன், கழுத்தில் எப்போதும் ஒரு வண்ணத்துப்பூச்சி டை. போட்டோக்காரன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு சரியாகக் கூட்ட நேரத்தில் அடுப்புக்கு நேராக வந்தார்.

"மேவிஸ்! உங்களுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டு வந்திருக்கேன்!"

"வரிசைல வாங்க."

போட்டோக்காரன் சிரித்துவிட்டான். கேஜ் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வரிசைக்குப் போகாமல், ஒரு நாற்காலியை இழுத்து அதன்மேல் ஏறினார்.

"நண்பர்களே! இந்த வருஷப் பட்டமளிப்பு விழாவுல ஹார்ல்பரி கல்லூரி நம்ம மேவிஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் குடுக்குது!"

பையன்கள் கத்தினார்கள், தட்டைத் தட்டினார்கள். முட்டை கருகிற்று.

"எதுக்கு?" என்றாள் மேவிஸ்.

"இத்தனை வருஷம் அன்போட பரிமாறினதுக்கு."

"அன்பா? எவன் சொன்னான்?"

"இங்க பாருங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றான் போட்டோக்காரன்.

"பல் வலிக்குது."

உங்களுக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவே இல்லை. கேட்கவேண்டும் என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தோன்றவும் இல்லை. நீதிபதி, பாங்க் முதலாளி, பனிமலையில் ஏறி இறங்கின ஆள், இப்படி யார் யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். பட்டம் என்றதும் அத்தனை பேரும் தலையை நீட்டினவர்கள்தான். சமையல்காரி ஒருத்தி வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பது அந்தக் குன்றின் உச்சியில் இருந்து பார்த்தால் தெரியாது. மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. கரண்டியோடு, சிரிக்காத முகத்தோடு, பக்கத்தில் நாற்காலி மேல் நிற்கிற கேஜோடு.

ரோலோ கடைக்குக் காபி குடிக்கப் போனாள். கோரினும் லயனலும் மூலை மேசையில் இருந்தார்கள். லயனல் பெரிய அண்டாக்கள் தேய்க்கிறவன். நாலு பிள்ளைகளில் ஒருத்தன் அவன் மகன்.

"வழி விடுங்கப்பா, டாக்டர் வர்றாங்க" என்றான் லயனல். "டாக்டரம்மா, முழங்கால்ல ஒரு குத்தல். கொஞ்சம் பாருங்களேன்."

"வெட்டிடலாம். கத்தி இருக்கா?" என்றாள் மேவிஸ்.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். கோரின் சிரிக்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "உனக்கு முன்னாடியே தெரியும். இல்ல?"

"என்ன தெரியும்?"

"எங்களை எல்லாம் வெளிய தள்ளிட்டு உன்னை மட்டும் எதுக்கு வச்சிருந்தாங்கன்னு. வேஷம் கட்டி மேடையில நிறுத்தறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. பாருங்க, எங்க சமையல்காரங்களை நாங்க எப்படித் தாங்கறோம்னு காட்டறதுக்கு."

"தெரியாது."

"அன்னிக்குக் கூட்டத்துல உன் வாய் எங்கடி போச்சு? நான் கத்தறேன், நீ சுவத்துக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கற. ஷெல்பிக்குத் தலையில தண்ணி ஊத்தினப்ப நீதானே தூக்கி வச்சிருந்த? இவளுக்கு எல்லாம் நான் பொறுப்புன்னு சாமியார்கிட்ட சொன்னவ நீதானே?"

"நான் கத்தியிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்குப் பக்கத்துல ஒருத்தி நின்னிருப்பா."

மேவிஸ் காபியைக் குடிக்காமலே எழுந்து வந்தாள். மறுநாள் காலை அவள் வீட்டுப் படியில் அந்த நீலப் பாத்திரம் இருந்தது. பளபளவென்று கழுவி, காலியாக.

அதைப் பார்த்ததும் அவள் காலுறைகூட மாற்றாமல் குன்றேறினாள். பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்கு. தலைவர் அலுவலகத்தில் விழா வேலை பார்க்கிற மிஸ் ஹோலிஸ், இவளைக் கண்டதும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்க! அங்கிக்கு அளவு எடுக்கணும். அப்பாடி, என்ன உயரம்! தொப்பிக்குத் தலை… கொஞ்சம் குனியறீங்களா?"

"மாட்டேன். அவர் உள்ள இருக்காரா?"

கேஜ் இருந்தார். உட்காரச் சொன்னார், இவள் உட்காரவில்லை. அவர் பாட்டுக்கு விழாவை விவரித்தார். "நீங்க ஒண்ணும் பயப்பட வேண்டாம், மேவிஸ். பட்டம் வாங்கறவங்க பேசற வழக்கம் இங்க இல்லை. நான் பாராட்டு படிப்பேன். நீங்க எழுந்து நிக்கணும், தலையைக் குனியணும். நான் பட்டத் துணியைக் கழுத்துல மாட்டி முதுகுப் பக்கம் விடுவேன். அதை மாட்டினாத்தான் பட்டம். முடிஞ்சுது."

"வரலைன்னா?"

"வராதவங்களுக்குக் குடுக்கறதில்லை. அது கல்லூரி ஆரம்பிச்ச காலத்து விதி."

"அப்ப சரி. நான் வரல."

கேஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"பேப்பர்ல வந்தாச்சு. அழைப்பிதழ் போயாச்சு. புது அறிவியல் கட்டிடத்துக்குக் குடுக்கற தம்பதி உங்களைப் பாக்கணும்னே வர்றாங்க. அந்தம்மா கண் கலங்கிட்டாங்களாம் உங்க கதையைக் கேட்டு."

"என் கதை அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க எழுதிக் குடுத்தோம்." அவர் கொஞ்ச நேரம் டையைத் தடவினார். "பூஷே அம்மாவோட பொண்ணு, ஷெல்பி, உங்க ஞானப்பொண்ணுன்னு கேள்விப்பட்டேன்."

மேவிஸ் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு முழு உதவியோட ஒரு இடம். அது என் கையில இருக்கு. நீங்க வாங்க, குனிங்க, ஒரு போட்டோவுக்கு நில்லுங்க. செப்டம்பர்ல அவ வகுப்புல உக்காந்திருப்பா."

"மத்த மூணு பேர்?"

"ஒண்ணுதான் என்னால முடியும். இது நமக்குள்ள இருக்கட்டும்."

அவர் மேசைமேல் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது, உள்ளே பனி பெய்கிற மாதிரி. அதை எடுத்து அவர் மண்டையில் போட எவ்வளவு நேரமாகும் என்று மேவிஸ் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கீழே இறங்கினாள்.

கோரின் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். மேவிஸைப் பார்த்தும் கோடரி நிற்கவில்லை. மேவிஸ் வேலிக்கு வெளியிலேயே நின்று, கேஜ் சொன்னதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஷெல்பிக்கு மட்டுமா?"

"மட்டும்."

"லயனல் பையனுக்கு?"

"இல்லை."

கோடரி கட்டையில் இறங்கி மாட்டிக்கொண்டது. கோரின் அதை ஆட்டி ஆட்டி இழுத்தாள், வரவில்லை. விட்டுவிட்டாள்.

"வேண்டாம்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்கறியா? உனக்கு அது சுலபமா இருக்கும். பெருமையா வீட்டுக்குப் போவ. கோரின் என்ன மாதிரி பொம்பளைன்னு." முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள். "என் பொண்ணு அந்த ரூம் ஜன்னல்ல உக்காந்து படிச்சுப் படிச்சுக் கண்ணாடி போட்டவ. வாங்கு. அவன் என்ன சொல்றானோ செய். குனி, சிரி, அவன் ஷூவைத் துடைக்கச் சொன்னா துடை."

"சரி."

"வாங்கிக் குடுத்துட்டு என் மூஞ்சியில முழிக்காதே. லயனல் மூஞ்சியில நான் இனிமே எப்படி முழிப்பேன்னு எனக்கே தெரியல. இந்த அசிங்கம் உன் கை வழியா வருது. உன்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

"நான் கேட்கலை, கோரின். அவனா குடுத்தான்."

"நீ எப்பவுமே எதையும் கேட்க மாட்டியே. அதான் உன் வியாதி. போ."

மறுநாள் மேவிஸ் குன்றேறி, வருகிறேன், ஷெல்பி அம்மாவுக்கும் சம்மதம் என்று கேஜிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

விழா மே மாதம், கல்லூரிப் புல்வெளியில், வெள்ளைக் கூடாரத்துக்குக் கீழே. கறுப்பு ஈக்கள் மனுஷனைப் பிய்க்கிற காலம். பேராசிரியர்கள் அங்கிக்குள் வேர்த்து, காதை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேவிஸுக்குத் தைத்த அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே சமையலறை வெள்ளைக் கால்சட்டையும் ரப்பர்ச் செருப்பும். மிஸ் ஹோலிஸ் கெஞ்சியும் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டாள். முன் வரிசையில் கட்டிடத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள்.

கூடாரத்துக்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு வெளியில் கீழ்த்தெரு. லயனல், 'எங்கள் பிள்ளைகள் எங்கே?' என்று எழுதின அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தான். கோரினும் அவன் பக்கத்தில் நின்றாள். அட்டை இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேடையில் இருந்து பார்த்த மேவிஸுக்கு அவளுடைய சிவப்புத் தலைக்குட்டை நன்றாகத் தெரிந்தது.

கேஜ் பாராட்டு படித்தார். "என்றும் மாறாத புன்னகையோடு…"

பட்டம் வாங்க உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துவிட்டார்கள். ஒருத்தன் தொப்பியைக் கீழே போட்டுவிட்டான். கேஜ் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு மேலே படித்தார்.

"…எங்கள் சமையலறைக் குடும்பம் முழுவதும் மனநிறைவோடு புதிய பாதையில் அடியெடுத்து வைக்கும் இந்த ஆண்டில்…"

வேலிப் பக்கம் இருந்து ஒரு ஊளை கிளம்பிற்று. கட்டிடத்து அம்மா திரும்பிப் பார்த்தாள். புருஷன் அவள் கையைத் தட்டினான்.

"மேவிஸ் தீபோ, முன்னே வாருங்கள்."

எழுந்து வந்து மைக் பக்கத்தில் நின்றாள். கேஜ் பட்டத் துணியைத் தட்டில் இருந்து எடுத்தார். வெள்ளை வெல்வெட் விளிம்பு, உள்ளே கல்லூரியின் பச்சையும் தங்கமும். இரண்டு கையிலும் விரித்து, அவள் குனிவதற்காகக் காத்திருந்தார்.

குனிய வேண்டும் என்றுதான் மேவிஸ் வந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் அதுதான். ஆனால் 'மனநிறைவோடு' என்கிற வார்த்தை கறுப்பு ஈ மாதிரி காதுக்குள் புகுந்துகொண்டது. பின்னங்கழுத்து மடங்க மாட்டேன் என்றது.

"குனிங்க, மேவிஸ்" என்றார் கேஜ், உதடு அசையாமல்.

"ஷெல்பிக்கு இடம்னு சொன்னீங்க."

"அப்புறம் பேசலாம்."

"இப்ப இங்க சொல்லுங்க."

கேஜ் எம்பினார். கால் நுனியில் நின்று துணியை வீசிப் போடப் பார்த்தார். அது அவள் காதில் பட்டுத் திரும்பி அவர் கையிலேயே விழுந்தது. பிள்ளைகள் யாரோ விசில் அடித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பிடிவாதம் பண்ணாதீங்க. ஒருத்திக்குத்தான் சொன்னேன். அவ அம்மாவும் ஒத்துக்கிட்டாச்சு, இல்ல?"

மைக் எல்லாவற்றையும் வாங்கி, கூடாரம் தாண்டி, வேலி தாண்டி, ஆறு வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்தது.

மேவிஸ் வேலியைத்தான் பார்த்தாள். லயனல் அட்டையைக் கீழே இறக்கினான். மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் நின்ற கோரினைப் பார்த்தான். சிவப்புத் தலைக்குட்டை தரையைப் பார்த்தது.

மேவிஸ் ஷெல்பிக்காக வந்தவள்தான். ஆனால் அந்தத் தலைக்குட்டை குனிந்ததைப் பார்த்த பிறகு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்க முடியாது என்று தெரிந்துபோயிற்று.

"நாலு பேருக்கும் சொல்லுங்க" என்றாள். இந்தத் தடவை மைக்கைப் பார்த்தே சொன்னாள்.

"மேவிஸ், இது அதுக்கான இடம் இல்லை."

"வேற எந்த இடம்? எனக்குப் பேச உரிமை இல்லைன்னீங்க. சரி, நான் பேசல. நீங்க பேசுங்க. சமையலறைப் பிள்ளைங்க நாலு பேர். இடம் குடுத்துட்டுப் பிடுங்கினீங்க. திருப்பிக் குடுக்கறேன்னு சொல்லுங்க, நான் குனியறேன். இல்லைன்னா இப்படியே நிக்கறேன். எனக்கு நின்னு பழக்கம்."

பிள்ளைகளில் இருந்து ஒரு குரல் வந்தது: "சார், வரிசை நிக்குது! சொல்லிட்டு நகருங்க!"

அந்தச் சிரிப்பில் கூடாரமே ஆடிற்று. பிறகு அவர்கள் எல்லாரும் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள், காலையில் முட்டை தாமதமானால் தட்டுவதுபோல. பேராசிரியர்கள் சிலர் தட்டவில்லை, சிலர் அங்கிக்குக் கீழே தட்டினார்கள். கட்டிடத்து அம்மா புருஷன் காதில் என்னவோ கேட்டாள். அவன் கேஜைப் பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை.

"கண்டிப்பா அதைப் பத்திப் பேசலாம்" என்றார் கேஜ் மைக்கில்.

"பேசலாம்னா ஆமாவா, இல்லையா?"

"நல்லெண்ணத்தோட பரிசீலிச்சு…"

"யோவ். முட்டை வேணுமான்னு கேட்டா நீ இப்படித்தான் பதில் சொல்லுவியா? ஆமாவா, இல்லையா?"

கேஜ் துணியை இன்னும் விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தார். தோள் வலித்திருக்கும். "ஆமா" என்றார்.

"நாலு பேருக்கும்."

"நாலு பேருக்கும்."

மேவிஸ் குனிந்தாள். துணி கழுத்தில் விழுந்தது. கேஜ் அதை இழுத்துவிட்ட வேகத்தில் கழுத்தெலும்பில் தோல் உராய்ந்து எரிந்தது. "கல்லூரியின் அதிகாரத்தால்" என்று தொடங்கும் வாக்கியத்தை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தார். அவள் டாக்டர் ஆனாள். போட்டோவுக்கு நிற்கவில்லை.

வாசல் பக்கம் கோரின் தன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லயனல் எப்போதோ போய்விட்டான்.

"ஊர் முன்னாடி என்னைத் திருடி ஆக்கிட்ட" என்றாள்.

"அவன்தான் உளறினான்."

"உளற வச்சது யாரு? பேசாம குனிஞ்சு தொலைச்சிருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"நாலும் கிடைச்சுதுல்ல?"

"கிடைச்சுது. அதுக்கு என்ன, உன்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கணுமா? கத்தவேண்டிய அன்னிக்குக் கத்தாம, கத்தக் கூடாத அன்னிக்குக் கத்தற. பைத்தியக்காரி." வண்டியில் ஏறிக் கதவை அறைந்தாள். வண்டி கிளம்பின வேகத்தில் சேறு மேவிஸின் அங்கி முழுக்கத் தெறித்தது.

நாலு பேருக்கும் இடம் கொடுத்தது கல்லூரி. அத்தனை பேர் காதில் விழுந்ததை விழுங்க முடியவில்லை. அதோடு சரி. அந்த நாலு பேருக்கு அப்புறம் எந்தக் காலத்திலும் கிடையாது என்று அதே கோடையில் அறிவித்துவிட்டார்கள். விழாவுக்கு மறுநாள் மேவிஸ் அடையாள அட்டையைத் தேய்த்தும் சமையலறைக் கதவு திறக்கவில்லை, வேலை போயிற்று. ஜூன் மாதம் வக்கீல்கள் வந்து வரிசையில் நின்றபோது, பிளாஸ்டிக் கையுறை போட்ட ஒருத்தன், "குட் மார்னிங், எப்படி இருக்கீங்க?" என்று சிரித்தானாம். இரண்டு பேர் முட்டை வாங்காமலே போய்விட்டார்களாம்.

லயனல் கோரினோடு பேசுவதில்லை. கோரின் மேவிஸோடு பேசுவதில்லை. தபால்காரன் மட்டும் 'டாக்டர் தீபோ' என்று கூப்பிட்டுவிட்டு ஓடிவிடுவான். பட்டத் துணி அவள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், பழைய ஏப்ரன்களோடு ஆணியில் தொங்கிற்று. அடுப்பில் இருந்து சூடான தட்டை இறக்குவதற்கு அந்த வெல்வெட் விளிம்பு நன்றாகவே இருந்தது.

இலை உதிர்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெல்பி வந்தாள், முதுகில் புத்தகப் பையோடு. மேவிஸ் நீலப் பாத்திரத்தில் பீன்ஸை நிரப்பி அவள் கையில் கொடுத்தாள்.

"அம்மா இதைத் தூக்கித் தெருவுல போடுவாங்க" என்றாள் ஷெல்பி.

"போடட்டும். பாத்திரம் கெட்டி."

அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் காலையில் விறகு எடுக்கக் கதவைத் திறந்தபோது படியில் இருந்தது, மேலே ஒரு துணி மூடி. மேவிஸ் குனிந்து துணியை விலக்கினாள். சோள ரொட்டி. ஒரு பக்கம் கரியாகக் கருகியிருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் மேலே தெரிகிற மாதிரி வைத்திருந்தாள் கோரின்.

தெருக்கோடியில் ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷமாச்சு, அடுப்பை எப்ப அணைக்கணும்னு இன்னும் தெரியல, கழுதைக்கு" என்று அந்தப் பக்கம் பார்த்து உரக்கக் கத்தினாள் மேவிஸ். உள்ளே போய், வெண்ணெய் தடவி, கருகினதையும் சேர்த்து, மிச்சம் வைக்காமல் தின்றாள்.